பதினான்கு கிராம் குறைவு

என் மனைவிக்கு ஐஸ் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கொடுத்த மருந்து அவள் வாய் முழுவதையும் புண்ணாக்கிவிட்டது. நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாம் வெந்துபோய்க் கிடந்தன. "பத்து நிமிஷத்துக்கு ஒரு சின்னத் துண்டு வாயில வைங்க, எரிச்சல் அடங்கும். வெளி ஐஸ் மட்டும் வேண்டாம், இப்ப இருக்கிற உடம்புக்குக் கிருமி தாங்காது" என்றார் டாக்டர். எங்கள் பிரிட்ஜ் சின்னது. மேல் பெட்டியில் தட்டு வைத்தால் நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு துண்டு கிடைக்கும். அது இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மீதி இரண்டு மணி நேரம் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

என் கொழுந்தியாள் வேலை பார்த்த ஜூஸ் கடையை இழுத்து மூடினார்கள். அங்கிருந்த ஐஸ் மெஷினை அவள் கேட்டு வாங்கி, ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி. மேலே ஐஸ் உறையும் தட்டு, கீழே அது விழுந்து சேரும் தொட்டி.

"மாமா, நீங்க குழாய்க்காரர்தானே. அரை மணி நேரத்துல மாட்டிடுவீங்க."

மாட்டிவிடுவேன். இருபத்தாறு வருஷமாக இதுதான் தொழில். மெஷினை நிமிர்த்தி ஒரு நாள் சும்மா நிற்கவிட வேண்டும், வண்டியில் குலுங்கிய கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்க. ரசமட்டம் வைத்துத் தரை சமமா என்று பார்க்க வேண்டும். பின்னால் கை நுழைகிற அளவு இடைவெளி. தண்ணீர் வரும் குழாயில் தனி வால்வு, வடிகட்டி. எர்த் உள்ள தனிப் பிளக், நீட்டிப்புப் பெட்டி கூடாது. கழிவுத் தண்ணீர்க் குழாய்க்குச் சரிவு. முதல் மூன்று தடவை விழும் ஐஸைத் தின்னாமல் கொட்டிவிட வேண்டும், மெஷினுக்குள் இருக்கிற அழுக்கு அதோடு போய்விடும். இதில் தெரியாதது எதுவும் எனக்கு இல்லை.

என் மனைவிதான் கையைக் காட்டி நிறுத்தினாள். அப்போது அவளால் கொஞ்சம் பேச முடிந்தது.

"ஊருக்கெல்லாம் எப்படியோ போடுறீங்க. இது நான் வாயில வைக்கிறது. ரூல்படி போடுங்க. உங்க லைசென்ஸுக்கும் வம்பு வேண்டாம்."

அதனால் வீட்டுக் குளிர்சாதனப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். இருபத்தாறு வருஷத்தில் எந்தக் குழாய்க்காரனும் விண்ணப்பம் போட அங்கே போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. வாசலில் காவலாளி என் பையைப் பார்த்து, "பாத்ரூம் ரெண்டாவது மாடி. மூணு மாசமா ஒழுகுது, இப்பதான் வர்றீங்களா?" என்றார்.

கவுண்டரில் இருந்த எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்.

"ஐஸ் எதுக்கு?"

"மனைவிக்கு வாய்ப்புண் சார்."

"அப்ப அது மருந்து. மருந்து எங்க இலாகா இல்லை. அங்க போனா, இது மெஷின், எங்களோடது இல்லைம்பாங்க. ஒருத்தர் ரெண்டு ஆபீஸுக்கும் நடுவுல ரொம்ப நாள் நடந்தார்."

"அப்புறம்?"

"இப்ப நடக்கிறதில்லை."

படிவத்தைத் திருப்பிக் காட்டினார். ஐஸின் உபயோகம் என்ற இடத்தில் மூன்றே மூன்று இருந்தன: வியாபாரம், பதப்படுத்தல், கொண்டாட்டம்.

"கொண்டாட்டம்னு போடுங்க. அதுதான் சீக்கிரம் நகரும். எத்தனை நாள்?"

"மூணு மாசம் வரைக்கும் புண் இருக்கும்னு டாக்டர் சொல்றார்."

"மூணு மாசமா! குடுத்து வச்சவங்க" என்று எழுதிக்கொண்டார்.

விண்ணப்பம் போட்டவர்கள் எல்லோரும் மேலதிகாரியின் பாதுகாப்புரையைக் கேட்டாக வேண்டுமாம். ஒரு பெரிய கூடம். நாற்பது நாற்காலிகள். நான் மட்டும். மேலதிகாரி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"பெருமையாச் சொல்றேன். பதினோரு வருஷமா நம்ம எல்லைக்குள்ள ஒரு ஐஸ் மெஷின் விபத்துகூட இல்லை. எப்படி? பதினோரு வருஷமா ஒரு மெஷினுக்குக்கூட நாங்க அனுமதி குடுக்கலை! பாதுகாப்புன்னா இதுதான் பாதுகாப்பு."

கைதட்டலுக்காக நிறுத்தினார். நான் தட்டினேன். காலிக் கூடத்தின் பின்பக்கத்திலிருந்து யாரோ திருப்பித் தட்டுவது மாதிரி எதிரொலி வந்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். அங்கே யாரும் இல்லை என்பது எனக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியவில்லை.

"சிலபேர் எங்களைத் தாமதம்ங்கிறாங்க. அவசரப்பட்டவன் எவனாவது இன்னிக்கு இந்தக் கூடத்துல உட்கார்ந்திருக்கானா? இல்லை! காத்திருந்தவங்கதான் உட்கார்ந்திருக்கீங்க."

காலி நாற்காலிகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் பரிசோதகர் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான ஆள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார், நடக்கிற சத்தமே கேட்காது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நின்றுகொண்டிருப்பார். குரலும் அப்படித்தான், பக்கத்து அறையில் பேசுகிறவர் மாதிரி இருக்கும். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் வேலையாக பிரிட்ஜின் மேல் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஐஸ் தட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, கதவில் காகித முத்திரை ஒட்டினார்.

"ஏன் சார்?"

"ஒரு வீட்ல ஒரு ஐஸ்தான். உங்க விண்ணப்பம் முடிவாகிற வரைக்கும் இது ரெண்டாவது ஐஸ்."

"அதுவரைக்கும் அவ என்ன செய்வா?"

அவர் கோப்பைப் பார்த்தார். "கொண்டாட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே."

பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிண்ணத்தில் ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு நாள் கொடுத்தார். மூன்றாம் நாள் அவர்கள் வீட்டு பிரிட்ஜிலும் அதே காகித முத்திரை ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் அவர் என்னைப் பார்த்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கொழுந்தியாள் மட்டும் தினமும் சாயங்காலம் தன் வீட்டு ஐஸை பிளாஸ்கில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவாள். வந்து சேரும்போது பிளாஸ்கில் குளிர்ந்த தண்ணீர் இருக்கும்.

"அடுத்த பஸ்ஸாவது நேரத்துக்கு வரட்டும்க்கா, துண்டாவே கொண்டுவந்து காட்டுறேன் பாரு" என்பாள். என் மனைவி சிரிக்கப் பார்ப்பாள். சிரித்தால் உதடு வெடிக்கும்.

பரிசோதகருக்குப் பயனாளியின் வாய்மொழிச் சம்மதம் வேண்டும். பயனாளி என் மனைவி. அதற்குள் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. கட்டில் பக்கத்தில் ஒரு டம்ளரும் கரண்டியும் வைத்திருந்தாள். கரண்டியால் டம்ளரில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. எங்களுக்கு அது போதுமாக இருந்தது. பரிசோதகர் அதை அலுவலகத்துக்கு எழுதினார். அலுவலகம் நான்கு நாள் யோசித்து ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 'பேச இயலாத பயனாளியின் தட்டலும் பதிலாகக் கொள்ளப்படும். தட்டியவரை அதிகாரி நேரில் பார்க்க வேண்டிய அவசியமில்லை, ஓசை கேட்டால் போதும்.' அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்தபோது நான் அதை ஒரு சலுகை என்றுதான் நினைத்தேன்.

பரிசோதகர் அறை வாசலில் நின்று கேட்டார்.

"அம்மா, இந்த மெஷினை வைக்க உங்களுக்குச் சம்மதமா?"

டொக்.

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

டொக், டொக்.

எழுதிக்கொண்டார்.

அடுத்தது மெஷின் ஓய்வு. இருபத்து நாலு மணி நேரம் நிற்க வேண்டும் என்று நான் சொன்னேனே, அது அவர்கள் விதியிலும் இருந்தது. ஆனால் அது அலுவலக நேரத்தில் இருபத்து நாலு மணி நேரம், அதுவும் அதிகாரியின் பார்வையில். அதிகாரி பார்க்காதபோது மெஷின் ஓய்வெடுத்ததற்கு அத்தாட்சி இல்லையாம். ஆகவே பரிசோதகர் எங்கள் சமையலறையில் ஒரு நாற்காலி போட்டு, நான்கு நாள், நாளைக்கு ஆறு மணி நேரம், ஓடாத மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடப் போகும்போது "இப்ப ஓய்வு நிறுத்தம்" என்று சொல்லிவிட்டுப் போவார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் எரிச்சலில் முனகுவாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். உடனே திறந்துவிடுவார், கண் மூடினால் அந்த நேரம் சேராது.

"உங்களுக்கு இது போரடிக்கலையா சார்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"முன்னாடி ஒரு வீட்ல தண்ணி சூடாக்குற பாய்லரை ஒன்பது நாள் பார்த்தேன்" என்றார். "இப்பல்லாம் எங்க வீட்ல பிள்ளைங்க பேசினாகூட அதை யார் பதிவு செய்யிறதுன்னு தோணுது."

அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

பிளக் மாட்டுகிற நாள் வந்தது. என் ரசமட்டத்தை வாங்கி மெஷின் மேல் தலைகீழாக வைத்துப் பார்த்து, "சமமா இருக்கு" என்றார். வால்வைத் திறந்தேன். இணைப்புகளில் காகிதத்தைச் சுற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. சுவிட்சைப் போட்டேன். இருபது நிமிஷத்தில் தொட்டிக்குள் ஐஸ் விழுந்தது.

டொக். டொக், டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் டம்ளரைத் தட்டினாள். ஒரே ஒரு தட்டு.

"அம்மா எதுக்குத் தட்டுறாங்க? நான் ஒண்ணும் கேக்கலையே."

"வேணும்ங்கிறா சார்."

"முதல் மூணு தடவை கூடாதே" என்றார். அது எனக்கும் தெரியும். ஆனால் நான் என்றால் வாளியில் அள்ளிச் சாக்கடையில் கொட்டியிருப்பேன், ஒரு மணி நேரத்தில் நாலாவது தடவை வந்திருக்கும். அலுவலக முறை வேறு. ஒவ்வொரு தடவை ஐஸையும் எடை போட வேண்டும். மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு முத்திரையிட வேண்டும். அதிகாரி முன்னிலையில் அது தானாக உருக வேண்டும். உருகிய தண்ணீரை மறுபடி எடை போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த தடவைக்கு சுவிட்ச்.

ஒரு தடவை உருக ஒரு பகல் ஆனது. மூன்று பகல். வீட்டில் ஐஸ் இருந்தது. கண்ணுக்கு எதிரே இருந்தது. நாங்கள் அது உருகுவதற்காகக் காத்திருந்தோம்.

மூன்றாம் நாள் மதியம், எடை போட்டு முடித்த பிறகு, முத்திரைக் காகிதத்துக்குப் பசை தீர்ந்துவிட்டது என்று பரிசோதகர் தன் பையைத் துழாவ வெளி அறைக்குப் போனார். பாத்திரம் திறந்திருந்தது. அரை நிமிஷம் இருக்கும். மூன்றாவது தடவை ஐஸ் கண்ணாடி மாதிரி இருந்தது. வடிகட்டி வழியாக வந்த தண்ணீர், நானே தேய்த்துக் கழுவிய தட்டு. ஒரு துண்டை எடுத்தேன். அறைக்குள் போய் அவள் நாக்கில் வைத்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பதினெட்டு நாளில் முதல் தடவையாக நெற்றிச் சுருக்கம் விரிந்தது. கன்னத்தில் அந்தத் துண்டு இடம் மாறுவது வெளியே தெரிந்தது. கரண்டியை எடுத்து, சத்தம் வெளியே கேட்காமல், என் கைமேல் ஒரு தட்டு தட்டினாள்.

சாயங்காலம் பரிசோதகர் தண்ணீரை எடை போட்டார். பதினான்கு கிராம் குறைந்தது.

மேலதிகாரியே நேரில் வந்தார். கோட்டோடு எங்கள் சமையலறையில் நின்று, மைக் இல்லாமல் அதே குரலில் பேசினார்.

"பதினான்கு கிராம்தானேன்னு நினைக்கலாம். காணாமப் போனது ஐஸ் இல்லை. எங்க பதினோரு வருஷம்! ஒரு பயனாளிக்கு ஐஸ் கிடைச்சிடுச்சுன்னா அப்புறம் இந்த அலுவலகம் எதுக்கு?"

கடைசியாகச் சொன்னது தன் காதில் விழுந்ததும் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு, "இதைக் குறிப்புல சேர்க்க வேண்டாம்" என்றார் பரிசோதகரிடம்.

விசாரணை முடியும்வரை மெஷின், காணாமல்போன ஐஸ் விழுந்தபோது இருந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. அதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டியின் கதவைக் கம்பியால் கட்டி, ஈய முத்திரை குத்தினார்கள். முத்திரை உடைந்தால் என் லைசென்ஸ் ரத்து என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை உள்ளே ஐஸ் விழும். உருகும். நான் சரிவு பார்த்துப் போட்ட குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகும். மறுபடி விழும். அவள் சுவரோடு காதை வைத்துப் படுத்திருப்பாள்.

முத்திரை குத்திய பத்தாம் நாள் காலையில் நான் வெட்டுக் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஒரு வெட்டுக்குத் தாங்காத கம்பி. அவள் அறையிலிருந்தே அதைப் பார்த்துவிட்டாள்.

டொக், டொக்.

"வேணாமா? ஏன்? லைசென்ஸ் போனா போகட்டும்."

டொக், டொக்.

"உனக்கு எரியலையா?"

அவள் தட்டவில்லை. என் கையில் இருந்த குறட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கப்புறம் நான் எதை வைத்துச் சாப்பிடுவேன் என்று கணக்குப் பார்க்கிற பார்வை. எனக்கு அது புரிந்தது. புரிந்ததும் நான் அதைப் பைக்குள் போட்டுவிட்டேன். மறுநாள் மதியம், உள்ளே ஐஸ் விழுந்துகொண்டிருக்கும்போது, அவள் போய்விட்டாள். நோயால்தான் போனாள். ஐஸ் இருந்தாலும் போயிருப்பாள் என்று டாக்டர் சொன்னார். எரிச்சல் இல்லாமல் போயிருப்பாளா என்று நான் கேட்கவில்லை.

அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். எழுத்தர் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார். "ரொம்ப வருத்தம்ங்க" என்றார். பிறகு படிவத்தில் தேடினார். "பயனாளி இறந்தா எழுதுறதுக்கு இடமே இல்லையே. வெளியூர், முகவரி மாற்றம், ஒத்துழைக்க மறுப்பு... இந்த மூணுதான் இருக்கு. மூணுமே விசாரணையை நீட்டிடும். நீங்க பேசாம இருங்க. அவங்க இருக்காங்கன்னே போகட்டும்."

நான் பேசாமல் இருந்தேன். மெஷினின் பிளக்கைப் பிடுங்கக் கை வரவில்லை. உத்தரவு ஒரு காரணம். வீட்டில் சத்தம் போடுவதற்கு வேறு எதுவும் இல்லை என்பது இன்னொன்று. டம்ளரும் கரண்டியும் கட்டில் பக்கத்திலேயே கிடந்தன. கொழுந்தியாள் ஒரு தடவை வந்தாள், பிளாஸ்க் இல்லாமல். ஐஸ் விழுந்ததும் "அக்கா" என்று எழுந்துவிட்டாள். அப்புறம் அவள் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து அவள் பெயருக்கு ஒரு சான்றிதழ் வந்தது. 'விசாரணைக் காலம் முழுவதும் பயனாளிக்கு ஐஸினால் எந்தத் தீங்கும் நேரவில்லை. பயனாளி பாதுகாப்பாக உள்ளார். கொண்டாட்டத்துக்கு அனுமதி வழங்கப்படுகிறது.'

முத்திரையை அகற்றப் பரிசோதகர் வந்தார். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். செருப்பை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் வந்து, தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் போனதை நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கோப்பைத் திறந்து, சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, முத்திரையை எடுக்க உங்களுக்குச் சம்மதமா?"

மெஷினுக்குள் டொக் என்று ஒரு துண்டு விழுந்தது.

எழுதிக்கொண்டார்.

"இப்ப பாதுகாப்பா இருக்கீங்களா?"

டொக்.

"எங்க அலுவலகத்து மேல ஏதாவது புகார்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, டொக், டொக்.

அதையும் எழுதி முடித்து, பேனாவை மூடினார். பையிலிருந்து ஒரு குறடு எடுத்தார்.

"சார், நானும் ஒண்ணு கேட்டுக்கலாமா?"

"படிவத்துல இடம் இல்லையே" என்றார். அப்புறம் குறட்டை மடியில் வைத்துக்கொண்டு, மெல்ல, "கேளுங்க" என்றார்.

அந்தத் தடவை ஐஸ் விழுந்து முடிந்துவிட்டது. இனி இருபது நிமிஷத்துக்கு எதுவும் விழாது. இந்த மெஷினை நான் அறிவேன். எப்போதாவது ஒன்றிரண்டு தட்டில் ஒட்டிக்கொண்டு பிந்தி விழும், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

"அன்னிக்கு நீ வேணாம்னாலும், நான் அந்தக் கம்பியை வெட்டியிருக்கணுமா?"

கழிவுக் குழாயில் ஒரு சொட்டு இறங்கியது.

டொக்.

இன்னொன்றுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பரிசோதகர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பேனாவைத் தொடவில்லை. அலுவலக நேரம் முடிந்து வெளிச்சம் குறைந்த பிறகும், மடியில் குறட்டோடு, என்னோடு சேர்ந்து அந்த இரண்டாவது தட்டலுக்காக உட்கார்ந்திருந்தார்.